ஹகீம்களின் தெருவும் என் கைநடுக்கமும்

ஏழு பாதாம்பருப்பை அரைத்துக் கற்கண்டுத் தண்ணீரில் கரைத்துக் குடித்தால் காலை ஆகாரம் முடிந்தது. நடுப்பகலுக்கு ஒரு சேர் இறைச்சியை வேகவைத்து வடித்த கெட்டிச் சாறு. பொழுது சாயும்போது, வயிறு இடம் கொடுத்தால், மூன்று வறுத்த கபாப். இரவானதும் ஐந்து ரூபாய் நாணய எடைக்கு மது, அதே அளவு வடிநீர் சேர்த்து. பழைய டெல்லி பல்லிமாரானில், காசிம் ஜான் சந்தில் வாடகைக்கு இருந்த ஒரு முதியவர் 1860களில் தம் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் கொடுக்கும் சாப்பாட்டுக் கணக்கு இது. அவர் பெயர் மிர்சா அசதுல்லா கான் காலிப்.

காலிபின் கவிதையைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. உருது எழுத்துக்கூட்டவே வராது. இந்தியிலும் ஆங்கிலத்திலும் மொழிபெயர்ந்து வந்த கடிதங்களைப் படித்தவன், அவ்வளவுதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கும் நோயாளி பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்கிறானே, ‘உங்களுக்கு என்ன பத்தியம் சொன்னார்கள், ராத்திரி தூக்கம் வருகிறதா’ என்று, அந்த மாதிரி ஆவல்தான் என்னை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

நான் கும்பகோணத்துக்காரன். 1969ல் மத்திய அரசில் ஸ்டெனோகிராபர் வேலை கிடைத்து டெல்லி வந்தேன். காலிப் இறந்து நூறு ஆண்டு நிறைந்த வருஷம் அது. நிஜாமுதீனில் அவர் சமாதிக்குப் பக்கத்தில் கட்டிய காலிப் அகாடமியைக் குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் பிப்ரவரி மாதம் திறந்து வைத்தார். அதெல்லாம் எனக்கு அன்று காதில் விழவில்லை. சுருக்கெழுத்தில் வேகம் குறையக் கூடாது, கரோல்பாகில் ரசம் சரியாக வைக்கிற மெஸ் எது என்று தெரிய வேண்டும், இவ்வளவுதான் என் கவலை. மதராஸ் ஸ்டெனோ என்றால் அந்தக் காலத்தில் டெல்லி ஆபீஸ்களில் தனி மதிப்பு. பிட்மன் சுருக்கெழுத்தில் கோடு தடித்தால் ஒரு ஒலி, மெலிந்தால் வேறு ஒலி. பென்சிலை அழுத்துகிற பக்குவத்தில்தான் என் சோறு இருந்தது.

அந்தக் கைதான் முதலில் போனது. ஓய்வு பெற்றுப் பல வருஷம் கழித்து ஒரு காசோலை திரும்பி வந்தது, கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று. பழைய டைரிகளை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு வரியும் பெரிதாகத் தொடங்கி வலது ஓரம் போவதற்குள் சிறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. வலது தோளும் இறுகியிருந்ததால் ஒரு மருத்துவர் தோள்மூட்டுக்கு வைத்தியம் பார்த்தார். வெந்நீர் ஒத்தடம், பயிற்சி, மின்சாரச் சிகிச்சை என்று காலம் போனது. கடைசியில் ஒரு நரம்பியல் மருத்துவர் என்னை நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, ‘பார்க்கின்சன்’ என்றார். தமிழில் உதறுவாதம் என்கிறோம். ஆயுர்வேதத்தில் கம்பவாதம். 1817ல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இதைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதியபோது காலிபுக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை; டெல்லிக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்தது.

காலிப் குடியிருந்த பல்லிமாரான் அந்த நாளில் ஹகீம்களின், அதாவது யுனானி வைத்தியர்களின் தெரு. முகலாய தர்பாரின் வைத்தியர் ஹகீம் ஷரீஃப் கான் 1807ல் காலமானார். அவர் வம்சத்தின் பெரிய வீடான ஷரீஃப் மன்ஸில் அங்கேதான் இருக்கிறது. அவர் பேரன் ஹகீம் மஹ்மூத் கானிடம் ராஜாக்கள் வைத்தியம் பார்த்துக்கொண்டார்கள். அதன் பலன் 1857 சிப்பாய்க் கிளர்ச்சியின்போது தெரிந்தது. அந்த வருஷம் செப்டம்பர் 14ஆம் தேதி ஆங்கிலப் படை காஷ்மீரி கேட்டைத் தகர்த்து ஊருக்குள் புகுந்தது. கொள்ளையும் கொலையும் தெருத்தெருவாக நடந்தன. ஆங்கிலேயர் பக்கம் நின்ற பட்டியாலா மகாராஜா தம் ஹகீம்கள் குடியிருக்கும் சந்துக்கு மட்டும் காவல் போட்டார். அதே சந்தில் இருந்ததால் காலிபும் தப்பினார். இந்தக் கதையை அவரே தம் பாரசீக நாட்குறிப்பான ‘தஸ்தம்பூ’வில் எழுதி வைத்திருக்கிறார். கவிஞரின் உயிரைக் காப்பாற்றியது வைத்தியர்களின் தெரு. டெல்லி சரித்திரத்தில் எனக்குப் பிடித்த சம்பவங்களில் இது ஒன்று.

தப்பினாரே தவிர, பிழைப்பு போயிற்று. மாதம் 62 ரூபாய் 8 அணா வந்துகொண்டிருந்த குடும்ப பென்ஷன் நின்றது. மூன்று வருஷம் கழித்து 1860ல்தான் மறுபடி வந்தது. நவம்பர் மாதம் உயிர்ச் சான்றிதழ் கொடுக்கத் தாமதமானாலே தவித்துப்போகும் பென்ஷன்காரன் நான். அந்த மூன்று வருஷத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. மனநிலை பிறழ்ந்திருந்த தம்பி அந்தக் கலவரத்திலேயே இறந்தார். பெற்ற ஏழு பிள்ளைகளில் ஒன்றும் தங்கவில்லை. ஊரில் அவருக்குத் தெரிந்த கடைவீதிகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டன. பிறகு உடம்பின் முறை. வயிற்றுவலி முன்பே உண்டு. 1863 வாக்கில் உடம்பெல்லாம் கொப்புளங்கள், ஒவ்வொன்றும் புண். காது போனது, வந்தவர்கள் சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக் காட்டினார்கள். கண் மங்கியது, கை நடுங்கியது. கட்டிலைவிட்டு எழ ஆகும் நேரத்தைக் கொத்தனார் சுவர் எழுப்பும் நேரத்தோடு ஒப்பிட்டுத் தம்மையே நையாண்டி செய்கிறார் ஒரு கடிதத்தில். அதைப் படித்தபோது நான் சோபாவிலிருந்து எழ முயன்றுகொண்டிருந்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா தெரியவில்லை.

இப்படிப்பட்டவரை அந்தத் தெருவின் ஹகீம்கள் என்ன செய்தார்கள்? குணப்படுத்தவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யுனானி வைத்தியத்தின் பெயரால் இன்று டெல்லிக்குள் நுழையும் ரயில் பாதைச் சுவர்களில் எழுதியிருக்கும் விளம்பரங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த விஷயத்தில் பக்தி வர வாய்ப்பில்லை. எனக்கும் இல்லை. ஆனால் அவர்களுடைய பழைய வைத்திய முறையில் ஒரு பகுதி என்னை யோசிக்க வைத்தது.

கிரேக்க மருத்துவர் கேலனிடமிருந்து அரபு நாடுகளுக்குப் போய், இப்னு சினாவின் கையில் ஒழுங்குபட்டு, பாரசீகம் வழியாக டெல்லிக்கு வந்த வைத்தியம் அது. மனிதனுக்கு இன்றியமையாதவை ஆறு என்று வைத்துக்கொண்டது: காற்று, உணவும் நீரும், உடம்பின் அசைவும் ஓய்வும், மனத்தின் அசைவும் ஓய்வும், உறக்கமும் விழிப்பும், உடம்பு வைத்துக்கொள்வதும் வெளியேற்றுவதும். நாலாவதைக் கவனியுங்கள். கோபம், துக்கம், சந்தோஷம் எல்லாம் அந்தக் கணக்கில் வைத்தியர் விசாரிக்க வேண்டிய சங்கதிகள், மலம் சிறுநீர் போல. இதய மருந்துகள் பற்றி இப்னு சினா தனியாக ஒரு நூலே எழுதினார். சந்தோஷம் எங்கே பிறக்கிறது, எந்தப் பொருள் அதற்கு உதவும் என்பதெல்லாம் அதில் வரும். மனத்தைக் களிப்பாக்கும் மருந்துகளுக்கு யுனானியில் முஃபர்ரிஹ் என்று ஒரு தனி வகுப்பே இருந்தது. ரோஜா, சந்தனம், குங்குமப்பூ, அம்பர், முத்து, வெள்ளித் தகடு. நோயாளியின் அறையில் பன்னீர் தெளிப்பது, வாசனைப் பொருளை முகரக் கொடுப்பது, விடியற்காலைக் காற்றில் உலாவச் சொல்வது எல்லாம் வைத்தியத்தோடு சேர்ந்தவை.

கமீரா என்று ஒரு லேகியம் இன்றும் கிடைக்கிறது. மூலிகைக் கஷாயத்தைச் சர்க்கரைப் பாகோடு காய்ச்சி, இறக்கி, மரத்துடுப்பால் அடி அடியென்று அடிப்பார்கள். பழுப்பாக இருந்த பாகு வெளுத்து, பொங்கி, வெண்ணெய்ப் பதத்துக்கு வரும். மேலே வெள்ளித் தகடு. சாப்பிட்டால் நோய் தீருமா என்று என்னைக் கேட்காதீர்கள். நாக்குக்கும் கண்ணுக்கும் ஒரு வாய் நல்ல பொருள் கிடைக்கும் என்பது நிச்சயம். நோயாளியின் நாக்கை இப்படி மதித்த வைத்தியத்தை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. எங்கள் ஊர் கஷாயத்தைக் குடித்து வளர்ந்தவன் சொல்கிறேன்.

காலிபுக்குத் தனக்கான முஃபர்ரிஹ் எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மாம்பழம். பழம் இனிப்பாக இருக்க வேண்டும், நிறைய இருக்க வேண்டும், வேறு நிபந்தனை இல்லை என்று அவர் சொன்னதாக சீடர் ஹாலி 1897ல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் எழுதுகிறார். முதுமையில் எழுதிய ஒரு கடிதத்தில், முன்பெல்லாம் பிற்பகலில் வயிறு முட்டத் தின்றவன் இப்போது பத்துப் பன்னிரண்டோடு நிறுத்திக்கொள்கிறேன், பெரிய ஜாதியாக இருந்தால் ஆறேழுதான் என்று வருத்தப்படுகிறார். குறைந்துபோனதற்கு அழுகிற மனிதரின் குறைந்த கணக்கே பன்னிரண்டு! கடிதத்தைப் படித்தவர்கள் அவர்மேல் இரக்கப்பட்டார்களா, பொறாமைப்பட்டார்களா?

இரண்டாவது மருந்து தபால். 1854ல் தபால் சீர்திருத்தம் வந்து, நாட்டின் எந்த மூலைக்கும் அரையணாவில் கடிதம் போயிற்று. இடிந்த ஊரில் தனித்துப்போன கிழவருக்கு அது பெரிய வரம். ஒருவரிடமிருந்து கடிதம் வந்தால் அந்த ஆளே வந்து உட்கார்ந்துவிட்டுப் போனதாக எடுத்துக்கொள்வேன் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். தம் கூரை ஒழுகுவதை, வீதியில் தண்ணீர்க் கிணறுகள் உப்பாகிப்போனதை, தம் புண்களுக்கு எவ்வளவு களிம்பு செலவாகிறது என்பதை எல்லாம் எதிரில் இருப்பவரிடம் பேசுவது போல எழுதினார். அடுக்குமொழி அலங்காரம் இல்லாமல் உருது உரைநடை இப்படிப் பேச்சாக இறங்கியது அந்தக் கடிதங்களில்தான் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். அவற்றில் பாதி நோய்ப் புராணம். கண்ணும் கையும் ஒத்துழைக்காத கடைசிக் காலத்தில் படுத்தபடியே சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். டிக்டேஷன் எடுத்துப் பிழைத்த எனக்கு அந்த எழுத்தர்கள்மேல் ஒரு தனிப் பாசம். அவர் 1869 பிப்ரவரி 15 அன்று இறந்தார். அதற்கு முந்தின நாள்கூட ஒரு கடிதத்துக்குப் பதில் சொல்லி எழுதவைத்திருக்கிறார். உருதுக் கடிதங்களின் முதல் தொகுப்பு வெளிவந்து அப்போது சில மாதம்தான் ஆகியிருந்தது.

அவர் இறப்பதற்கு ஒரு வருஷம் முன்னால், 1868ல், ஹகீம் மஹ்மூத் கான் வீட்டில் ஒரு பிள்ளை பிறந்தது. ஹகீம் அஜ்மல் கான். காங்கிரஸின் 1921 அகமதாபாத் மாநாட்டுத் தலைவராகவும், ஜாமியா மில்லியாவைத் தொடங்கியவர்களில் ஒருவராகவும் பாடப்புத்தகத்தில் வருகிறவர். எங்கள் கரோல்பாகுக்காரர்களுக்கு அவர் ஒரு கடைத்தெருவின் பெயர். அஜ்மல் கான் ரோட்டில் சட்டை எடுக்காத டெல்லித் தமிழன் கிடையாது. அந்த ரோட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் அவர் கட்டிய திப்பியா காலேஜ் இருக்கிறது. 1916ல் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் அடிக்கல் நாட்டினார். 1921 பிப்ரவரி 13 அன்று காந்தி திறந்து வைத்தார். வைஸ்ராய் போட்ட கல்லில் எழும்பிய கட்டடத்தை ஒத்துழையாமை இயக்கத்தின் தலைவர் திறக்கும்படி அந்த ஐந்து வருஷத்தில் நாடு மாறியிருந்தது. ஆயுர்வேதமும் யுனானியும் ஒரே கூரையின் கீழ் படிக்க ஏற்பாடு. காந்தி திறப்புரையில் வெறும் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போகவில்லை. மேல்நாட்டு வைத்தியத்தின்மேல் தமக்குச் சண்டை இருந்தாலும் அவர்களுடைய ஆராய்ச்சி மனப்பான்மைக்கு வணக்கம் என்றார். நம் வைத்தியர்களிடமும் ஹகீம்களிடமும் அது இல்லையே என்று குறைப்பட்டார். விருந்துக்கு அழைத்தவர் வீட்டிலேயே இப்படிப் பேச அவரால்தான் முடியும்.

அஜ்மல் கானுக்கும் அந்த எண்ணம் இருந்திருக்கிறது. ஜெர்மனியில் ரசாயனம் படித்த சலீமுஸ்ஸமான் சித்திகி என்ற இளைஞரைக் கொண்டு காலேஜில் ஆராய்ச்சிக்கூடம் அமைக்க ஏற்பாடு செய்தார். அது நடப்பதைப் பார்க்க அவர் இல்லை. 1927 டிசம்பரில் காலமானார். சித்திகி சர்ப்பகந்தி வேரை எடுத்துக்கொண்டார். பைத்தியத்துக்கும் தூக்கமின்மைக்கும் நம் நாட்டு வைத்தியர்கள் காலங்காலமாகக் கொடுத்துவந்த வேர் அது. 1931ல் அதிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, மறைந்த ஹகீமின் நினைவாக அஜ்மலின் என்று பெயர் வைத்தார். இதயத் துடிப்புக் கோளாறுக்கான மருந்தாகவும், ஒருவகைப் பரம்பரை இதயக் கோளாறைக் கண்டுபிடிக்கும் சோதனையிலும் உலகில் இன்றும் அது பயன்படுகிறது.

அதே வேரை மற்றவர்களும் விடவில்லை. 1952ல் சுவிட்சர்லாந்தின் பாசலில் அதிலிருந்து ரெசர்பின் வந்தது. ரத்த அழுத்தத்துக்கும் மனநோய்க்கும் உலகமெங்கும் கொடுத்தார்கள். சாப்பிட்டவர்களில் சிலருக்கு உடம்பு இறுகியது, கை நடுங்கியது. உதறுவாதக்காரர்கள் போலவே ஆனார்கள். ஏன் என்று தேடினார் சுவீடனின் அர்விட் கார்ல்சன். 1957ல் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்து அசைவற்றுப் போகச் செய்து, பிறகு லெவோடோபா ஊசி போட்டார். முயல்கள் எழுந்து நடமாடின. மூளையில் டோபமின் என்ற ரசாயனம் தீர்ந்துபோவதுதான் சங்கதி என்று அங்கிருந்து தெளிவாகத் தொடங்கியது. 1961ல் வியன்னாவில் லெவோடோபாவை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1967ல் நியூயார்க்கில் மருத்துவர் கோட்சியாஸ் வாய்வழியாகப் படிப்படியாக அளவைக் கூட்டிக் கொடுத்து வெற்றி கண்டார். கார்ல்சனுக்கு 2000ல் நோபல் பரிசு. நான் காலையில் கண் விழித்ததும் போட்டுக்கொள்ளும் மஞ்சள் லெவோடோபா மாத்திரையின் பூர்வோத்தரம் இதுதான். என் வீட்டு மாடியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள காலேஜில் ஆராய்ந்த வேர்தான் அந்தக் கதையிலும் வருகிறது என்பது எனக்குத் தெரிய இவ்வளவு வயதாக வேண்டியிருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த லெவோடோபா பூனைக்காலி விதையில் இயற்கையாகவே இருக்கிறது. கம்பவாதத்துக்கு அதைக் கொடுக்கும் வழக்கம் ஆயுர்வேதத்தில் உண்டு. விதையிலிருந்து அதை முதலில் பிரித்துக் காட்டியவர்கள் யார் தெரியுமா? சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் ஆய்வுக்கூடத்தில் தாமோதரனும் ராமசாமியும், 1937ல். அன்று அது எந்த நோய்க்கு உதவும் என்று உலகில் ஒருவருக்கும் தெரியாது. இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் பூனைக்காலியை இடித்துக் குடிக்க வேண்டாம். அளவு தெரியாமல் குடித்தால் ஆபத்து.

மாத்திரை வேலை செய்கிறது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காலிபின் ஹகீம்களுக்குக் கைவராத காரியம் அது. போட்டு முக்கால் மணி நேரத்தில் விரல் இளகும், சட்டைப் பொத்தான் மாட்ட வரும். ஒரே பகை புரதச் சத்து. பருப்பு சாதமோ தயிர் சாதமோ கூடவே போனால் மாத்திரை குடலில் வரிசையில் காத்து நின்றுவிடும். கும்பகோணத்தில் பிறந்தவனைத் தயிர் சாதத்துக்கு நேரம் பார்த்துச் சாப்பிடச் சொல்வது சின்ன தண்டனை இல்லை.

ஆனால் மருந்துச்சீட்டில் மாத்திரையின் பெயரும் வேளையும் மட்டும்தான் இருக்கும். மனத்தின் அசைவைப் பற்றி ஒரு வரி கிடையாது. மருத்துவரைக் குறை சொல்லவில்லை. வெளியே அறுபது பேர் காத்திருக்கிறார்கள். அந்த வரியை நாங்களே எழுதிக்கொள்ள வேண்டியதாயிற்று.

என் வீட்டில் அதை எழுதியவள் மனைவி, அரிசிமாவில். உதறுவாதத்தில் கால் திடீரென்று தரையைப் பிடித்துக்கொள்ளும். நிலைப்படி, குளியலறை வாசல், லிஃப்ட் கதவு, இந்த இடங்களில் அதிகம். மனம் ‘போ’ என்கிறது, பாதம் கேட்பதில்லை. பின்னாலிருந்து யாராவது ‘நடங்கோ, நடங்கோ’ என்றால் இன்னும் மோசம். குறுக்கே கோடு போட்டால் அதைத் தாண்டக் கால் தானாக எழும்பும் என்பதை லண்டன் மருத்துவர் பர்டன் மார்ட்டின் 1960களில் விவரமாக எழுதியிருக்கிறார். பிசியோதெரபி பெண் வந்து கூடத்திலிருந்து குளியலறை வரை தரையில் சிவப்பு டேப் ஒட்டிவிட்டுப் போனாள். இரண்டு நாளில் மனைவி அதைப் பிய்த்தெறிந்தாள். “ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு, பாக்கச் சகிக்கல” என்றாள். மறுநாள் காலை மாவை நீரில் கரைத்து, துணித்துண்டை நனைத்து, அதே இடைவெளியில் இழைக்கோலமாக இழுத்துவிட்டாள். ஒவ்வொரு இழையின் இரு முனையிலும் ஒரு சின்னத் தாமரை. சிமெண்டுத் தரையில் ஈரம் காயக் காயக் கோடு வெளுப்பேறும். நான் அதற்காக அவசரப்படாமல் நிற்பேன். வெளுத்ததும் முதல் இழை, தாண்டு. இரண்டாவது இழை, தாண்டு. கால் ஒருமுறைகூட மறுத்ததில்லை என்று சொல்ல மாட்டேன். டேப்புக்குக் கேட்ட அளவுக்கு இதற்கும் கேட்கிறது; பார்க்கவும் நன்றாக இருக்கிறது. மிதித்து அழித்துவிட்ட நாளில் எனக்குத் திட்டும் உண்டு.

போய்ச் சேர்ந்தது இன்னொன்று, மூக்கு. இந்த நோயில் கை நடுங்குவதற்குப் பல வருஷம் முன்பே வாசனை போய்விடுவது உண்டு என்று பிறகு தெரிந்தது. ரசத்தில் பெருங்காயம் போடவே இல்லையே என்று நான் சண்டை போட்ட காலம் அதுதான் போலிருக்கிறது. அக்டோபர் பிறந்தால் டெல்லித் தெருக்களில் ஏழிலைப்பாலை பூத்து ராத்திரியெல்லாம் மணக்கும். ஆஸ்துமாக்காரர்கள் சாபம் கொடுப்பார்கள், காதலர்கள் மகிழ்வார்கள் என்று கேள்வி. எனக்கு அந்த மரங்கள் இப்போது வெளிர்பச்சைக் கொத்துகள் மட்டும். இலைகள் ஏழேழாக வட்டமாக விரிந்து, நடுவிலிருந்து பூங்கொத்து எழும்புகிற ஒழுங்கை மூக்கு இருந்த நாளில் நான் ஒருமுறைகூட அண்ணாந்து பார்த்ததில்லை.

ஒரு மழைக்காலத்தில் மனைவியும் நானும் பழைய டெல்லிக்குப் போனோம். சாந்தினி சௌக்கிலிருந்து பிரியும் தரீபா கலானில் குலாப் சிங் ஜோஹரிமல் அத்தர் கடை 1816லிருந்து இருக்கிறது. காலிபின் காலத்துக் கடை. கன்னௌஜில் வடிக்கும் மண்வாசனை அத்தரைக் கேட்டாள். சுட்ட களிமண்ணை நீரில் இட்டுக் காய்ச்சி, ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவது அது. கண்ணாடிக் குச்சியால் அவள் மணிக்கட்டில் ஒரு பொட்டு வைத்தார்கள், என் மணிக்கட்டிலும். முகர்ந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. “எப்படி இருக்கு, சொல்லேன்” என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். “சித்திரை மாசம், நம்மாத்து முத்தத்துல மொத மழை விழறது. அம்மா வடாம் எடுக்க ஓடறா. அந்த நிமிஷம்” என்றாள். எனக்கு முற்றம் முழுக்கத் தெரிந்தது. வடாம் காயும் வேட்டி உட்பட.

அங்கிருந்து பல்லிமாரான் பக்கம்தான். இப்போது அது மூக்குக்கண்ணாடிக்கும் செருப்புக்கும் பெயர்போன தெரு. ரிக்‌ஷா நெரிசலில் நடுங்கும் கிழவன் நுழைவது புத்திசாலித்தனம் இல்லை. காலையில் கடை திறக்குமுன் போனால் சமாளிக்கலாம். காலிப் இருந்த வீடு நெடுங்காலம் கரிக்கடையாகவும் பட்டறையாகவும் கிடந்து, இந்த நூற்றாண்டுத் தொடக்கத்தில்தான் ஒரு பகுதி நினைவிடமாகத் திறந்தது. அஜ்மல் கான் தொடங்கிய ஹிந்துஸ்தானி தவாகானாவும் அதே தெருவில் இருந்தது. கொஞ்சம் தள்ளி 1906ல் ஒரு சின்ன மருந்துக்கடையாகத் தொடங்கியது ஹம்தர்த். கோடையில் நம் வீட்டுக் குழந்தைகள் பாலில் கலக்கும் ரூஹ் அஃப்ஸா சர்பத் அங்கே பிறந்ததுதான். அந்தக் கடைக்காரரின் மகன் ஹகீம் அப்துல் ஹமீதுதான் நிஜாமுதீன் காலிப் அகாடமியைக் கட்டியவர். கவிஞருக்கு நினைவிடம் எழுப்ப ஒரு ஹகீம்தான் வந்தார்.

நினைவிடத்தில் காலிபின் சிலையும் சில புத்தகப் பிரதிகளும் இருக்கின்றன. அவருடைய ஏழு பாதாம் பற்றி அங்கே நான் எதையும் பார்க்கவில்லை. எழுதி வைத்தால் நன்றாக இருக்கும்.

இதைப் படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் அறுபதைத் தொட்ட யாராவது ரசத்தில் வாசனையே இல்லை என்று அடிக்கடி சொன்னால், கையெழுத்து வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போனால், நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் நின்றால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். தோளுக்கும் கழுத்துக்கும் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு காலத்தைக் கழிக்காமல் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அவர் எழுதிக் கொடுக்கும் மாத்திரையைச் சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள், தயிர் சாதத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே.